அழாத பிள்ளை

எங்கள் மகள் அழவே மாட்டாள் என்று எங்கள் மலைக் கிராமமான பள்ளங்கி முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பசித்தால் அழமாட்டாள். விழுந்தால் அழமாட்டாள். நடுராத்திரியில் விழித்தாலும் கூரையைப் பார்த்தபடி கிடப்பாள். யார் கை நீட்டினாலும் தாவிப் போய்விடுவாள். பூண்டு மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவரின் தோளில்கூட ஒருநாள் சாய்ந்து தூங்கினாள். "இப்படி ஒரு தங்கமான புள்ளைய நான் பாத்ததே இல்லத்தா" என்று மாமியார் சொல்லும்போதெல்லாம், அந்தப் புகழில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைத்துக்கொண்டேன்.

2018 சித்திரையில் அவளை ஒடிசாவிலிருந்து கூட்டி வந்தோம். அப்போது அவளுக்குப் பத்து மாதம். எங்கள் பக்கம் தத்து என்றாலே தொட்டில் பிள்ளைதான் நினைவுக்கு வரும். 1992-ல் சேலத்தில் தொடங்கிய அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் வந்தது. அதனால் ஊரில் பலரும், "திண்டுக்கல்லயே பிள்ளை கிடைக்காதா, அம்புட்டுத் தூரம் போகணுமா?" என்று கேட்டார்கள். 'காரா' என்று எல்லோரும் சொல்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். எந்த மாநிலமானாலும் சரி என்று நாங்கள் குறித்திருந்தோம். சமூகப் பணியாளர் வீடு தேடி வந்து எங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். பிறகு காத்திருப்பு. ஒருநாள் கணினித் திரையில் ஒரு புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் வந்தன. முடிவு சொல்ல 48 மணி நேரம். எங்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

நான் எதற்கெல்லாம் தயாராக இருந்தேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கம்பளி, குல்லாய், காலுறை, வெந்நீர்ப் போத்தல், தடுப்பூசி அட்டை. சித்திரை வெயிலில் கிடந்த பிள்ளை பள்ளங்கிக் குளிரைத் தாங்குமா என்பதுதான் என் ஒரே கவலை. வெளிநாட்டுக்குத் தத்துப் போகிற இந்தியக் குழந்தைகளுக்காக 1984-ல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது என்று படித்திருந்தேன். கடல் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு எல்லாமே அந்நியமாக இருக்கும், பாவம், என்று அப்போது நினைத்ததும் நினைவிருக்கிறது. என் மடியில் இருந்தவளுக்குத் தமிழும் அந்நியம், கற்பூரத்தைல வாசனையும் அந்நியம், நானும் அந்நியம் என்று தோன்றவே இல்லை. தூக்கி வந்த ஆயாவை அவள் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் வந்தாள். எங்களை உடனே பிடித்துவிட்டது என்று ரயிலில் என் கணவரும் நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

கிளம்பும்போது இல்லத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். எந்த மணிக்குப் பால், எந்த மணிக்குக் கஞ்சி, எந்த மணிக்குத் தூக்கம் என்று அதில் இருந்தது. படுக்க வைத்துத் தலையணையில் பாட்டிலைச் சாய்த்துக் கொடுத்தால் தானே குடித்துவிடுவாள் என்றும் சொன்னார்கள். நான்கைந்து கைகள் ஒரு கூடம் நிறையக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேறு வழி இல்லை. என் வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அதன்படியே நடந்தேன்.

விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். கொடைக்கானலில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது வேலை. 2017-ல் திருத்திய மகப்பேறு சட்டம் தத்தெடுக்கும் தாய்க்குப் பன்னிரண்டு வாரம் விடுப்புத் தந்தது. குழந்தையின் வயது மூன்று மாதத்துக்குள் இருந்தால் மட்டும். பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தையானால் அவர்கள் மனம் மாறுவதற்கு அறுபது நாள் விட வேண்டும். அதன் பிறகுதான் தத்துக்குத் தகுதி என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்கும். அப்புறம் பொருத்தம் பார்ப்பது, பயணம், தாள்கள். மூன்று மாதத்துக்குள் ஒரு குழந்தை கைக்கு வருவது அரிதிலும் அரிது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் சம்பளமில்லாத விடுப்பு நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவள் மேல் பாசம் வரவில்லை. அக்கறை இருந்தது, பொறுப்பு இருந்தது, குளிப்பாட்டும்போது ஒரு பயபக்தி இருந்தது. எல்லோரும் சொல்லும் அந்தப் பொங்குதல் எனக்குள் நடக்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவள் போலத்தான் இருந்தேன். இத்தனை வருடம் ஏங்கியவளுக்கு இதை யாரிடம் சொல்ல வரும்? அவருக்குக்கூடத் தெரியாது. அவள் அழாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அழுதால் ஓடிப்போய் அணைக்க வேண்டும். அணைக்கும்போது நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்துவிடும்.

வீடு நிறைய ஆட்கள். மாமியார், ஓரகத்தி, பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா, அவர் மருமகள். ஒருவர் கஞ்சி ஊட்டுவார், ஒருவர் தூங்க வைப்பார், ஒருவர் இடுப்பில் வைத்துக்கொண்டு வில்பட்டிவரை போய் வருவார். அந்த ஆண்டு குறிஞ்சி பூத்த ஆண்டு. ஆவணி புரட்டாசியில் பூப்பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தனை மடிக்கும் சிரித்துக்கொண்டே மாறினாள்.

தத்துக் கொடுத்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. ஐப்பசியில் சமூகப் பணியாளர் வந்தபோது இவள் ஓடிப்போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நல்லா செட் ஆயிட்டா மேடம், யாருகிட்ட வேணா போவா, அழுகையே கிடையாது" என்றேன். அவர் எழுதிக்கொண்டு, ஏதோ கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் மலை மேல் ஏறியது. மரங்கள் முறிந்து ரோட்டை அடைத்தன. கரண்ட் போனது. தகரக் கூரை பெயர்ந்துவிடுமோ என்று பெரியவர்களே சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம். உள்ளறையில் அவள் விழித்துக்கொண்டு கிடந்தாள். கையை மட்டும் இறுக மூடியிருந்தாள். "தைரியசாலி" என்று சொல்லிப் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

மார்கழியில் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை கண்டேன். பால் சிந்தியிருக்கும் என்று துவைத்தேன். மறுநாளும் இருந்தது. அதையும் துவைத்தேன். லேசான காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தோம், குளிர்காலம்தானே என்று. காதிலிருந்து வாடை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் மலையிறங்கிக் காது டாக்டரிடம் போனோம்.

அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை ராத்திரியா அழுதுட்டிருந்தா?" என்று கேட்டார்.

"அழல டாக்டர்."

"காதைப் பிடிச்சுட்டு, தலைய உருட்டிட்டு?"

"இல்ல."

மறுபடி பார்த்தார். இடது காதில் சவ்வு கிழிந்து சீழ் வடிகிறது என்றார். கிழிவதற்கு முன்னால் வலி கடுமையாக இருந்திருக்கும் என்றார். பால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சின்னக் குழந்தைகளுக்கு மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் குட்டையாகவும் படுக்கை வாட்டத்திலும் இருக்கும். மல்லாந்து குடிக்கும்போது பால் அதற்குள் போகும், சளி பிடித்த நாளில் கேட்கவே வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். நர்ஸ் அவளைப் பிடித்துக்கொள்ள, காதைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்.

நான் அவள் கால்மாட்டில் நின்றேன். அவள் உடம்பு விறைத்தது. கால் விரல்கள் மடங்கின. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண் கூரையில் இருந்தது. டாக்டர் நிறுத்திய இடைவெளியில் கண் இறங்கி வந்தது. நர்ஸைப் பார்த்தது, விளக்கைப் பார்த்தது, சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தது. நான் எட்டித் தொடும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் மேல் பட்டுவிட்டுக் கடந்துபோனது. நர்ஸ் மேல் எப்படிப் பட்டதோ அப்படித்தான். எல்லாம் முடிந்ததும் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவுக்காகக் கையை நீட்டி, அவர் தோளுக்கே போய்விட்டாள். அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ருமேனியாவில் 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்களில் இருந்தார்கள். தொட்டில் தொட்டிலாகக் குழந்தைகள் கிடந்த அறைகளில் அழுகுரலே இல்லாததுதான் உள்ளே போனவர்களைத் திடுக்கிட வைத்தது. அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு வளர்ந்து பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் குடும்பத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குப் பின் வந்தவர்களில் சிலருக்கு, முன்பின் தெரியாதவர்களிடம் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் நீடித்தது. 2000-ல் புக்காரெஸ்டில் தொடங்கிய இன்னொரு ஆய்வில் காப்பகத்துக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். இதையெல்லாம் நான் அந்த மார்கழிக்குப் பிறகுதான் தேடித்தேடிப் படித்தேன். நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டியதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று பிள்ளைபெற்ற வீடுகளில் எல்லாம் சொல்கிறார்கள். எத்தனை அழுதாலும் மணி அடித்தால்தான் பால் வரும் என்று ஒரு குழந்தை கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று நான்தான் யோசிக்கவில்லை.

பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். இனி அவளுக்குப் பால், சோறு, குளியல், தூக்கம் எல்லாம் நானும் அவரும் மட்டும்தான் என்று வீட்டில் சொன்னேன். மாமியாருக்கு அது பெரிய அடி. எட்டு மாதம் இடுப்பில் சுமந்தவர். "நான் என்னத்தா, அசலா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவரை நோகடிக்காமல் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அவள் கண் என் கண்ணுக்கு வரும்படி பாட்டிலைப் பிடிப்பேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழைய நூல் புடவையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். பேரிக்காய் மரத்தடியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். ராத்திரி அவள் கூப்பிடமாட்டாள் என்பதால் நானே எழுந்து எழுந்து பார்ப்பேன். கண் திறந்திருந்தால் தூக்கிக்கொள்வேன். இவள் ஏன் தூக்குகிறாள் என்பது போலப் பார்ப்பாள். எனக்கும் தூக்கத் தூக்கத்தான் ஏதோ ஊற ஆரம்பித்தது. ஒரு விடியலில் அவள் தலைமுடியின் வாசனை என் மேல்சட்டையில் இருந்தது. அந்தச் சட்டையைத் துவைக்காமல் மறுநாளும் போட்டுக்கொண்டேன்.

மாசியில் ஒருநாள் வாசல்படியில் தடுக்கி விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, திரும்பி, என்னைத் தேடிப் பிடித்துவிட்டுப் பிறகு அழுதாள். தெருவே திரும்பிப் பார்க்கும் அழுகை. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அழுதாள். குளியலறைக் கதவைச் சாத்த விடமாட்டாள். அவர் தூக்கினால்கூட என் பக்கம் சாய்வாள். "நல்லா இருந்த புள்ளையக் கெடுத்துட்டா" என்று ஊரில் பேசினார்கள்.

சித்திரையில் சமூகப் பணியாளர் மறுபடி வந்தார். வாசலில் புதுக்குரல் கேட்டதுமே வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு உதறல். பிள்ளை ஒத்துப்போகவில்லை என்று எழுதிவிடுவாரோ? அவர் கிட்டே வரவில்லை. திண்ணையில் தள்ளி உட்கார்ந்து, அவள் அடங்கும்வரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன முறை நான் சொன்னது தப்பு, அதைத் திருத்த முடியுமா என்று கேட்டேன்.

"அது போயிருச்சும்மா. இதுல எழுதிக்கலாம், சொல்லுங்க."

சொன்னேன். ராத்திரியில் விழித்தால் கூப்பிடுகிறாள். பாட்டியிடம் போகிறாள், போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். தெரியாதவர்களிடம் போவதில்லை. சவ்வு ஆறிவிட்டது, இடது காதின் கேட்கும் திறனை இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். காது சீழ் பிடித்துக் கிடந்தபோது பால்கறை என்று துவைத்துக்கொண்டிருந்தேன். முதல் எட்டு மாதம் அவளும் என்னைத் தேடவில்லை, நானும் அவளைத் தேடவில்லை.

அவர் பேனாவை நிறுத்தினார். "கடைசியா சொன்னதையும் எழுதணுமா?"

எழுதுங்கள் என்றேன்.