தேடாமல் எழுதிய உறுதி

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி கைமாறுவதாயினும் அது நொத்தாரிசின் மேசையைக் கடந்தே செல்லவேண்டும். காணி விற்பனை எழுத்தில் இருத்தல் வேண்டும், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே வேளையில் உடனிருக்கக் கையொப்பம் இடப்படல் வேண்டும் என 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. நொத்தாரிசு என்னும் சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. தோம்போ போர்த்துக்கேயர் வழி வந்தது.

நொத்தாரிசின் கடமைகளை 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விரித்துரைக்கின்றது. கையொப்பமிடுபவரை அவரோ சாட்சிகள் இருவருமோ அறிந்திருத்தல் வேண்டும். வாசிக்க அறியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குதல் வேண்டும். எழுதுமுன் காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தல் வேண்டும். பணம் தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா என்பதை அத்தாட்சியிற் குறித்தல் வேண்டும். இவ்விதிகள் நொத்தாரிசையும் காக்கின்றன. காணாத பணத்தைக் கண்டதாக எழுத மறுப்பவர் தம்மைக் காத்துக்கொள்கிறார், உண்மையையும் காக்கிறார். அத்தகைய தற்காப்போடு எமக்குப் பிணக்கில்லை.

ஆனால் அதே சட்டம் ஒரு சிறு படலையையும் திறந்து வைத்திருக்கின்றது. தேட வேண்டாம் எனக் கட்சிக்காரர் எழுத்தில் அதிகாரம் அளித்தால் தேடுதல் கட்டாயமன்று. நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் வளவைத் தகப்பன் மகளுக்குச் சீதனமாக எழுதும்போது இதில் நியாயம் இருக்கலாம். முன்பின் அறியாதவரிடம் காணி வாங்குபவருக்கோ?

எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தாய் வலிகாமத்தில் வெங்காயத் தோட்டங்களிற் கூலி வேலை செய்பவர். தம் பெயரை எழுத மட்டும் அறிந்தவர். பல ஆண்டுச் சீட்டுப் பணத்தில் இரண்டு பரப்பு வாங்கினார். காணி முன்னரே ஈடு வைக்கப்பட்டுப் பதியப்பட்டிருந்தது. தோம்பைப் புரட்டியிருந்தால் ஒரு காலைப்பொழுதில் தெரிந்திருக்கும். ஈடு பிடித்தவர் வந்து நின்ற பின்னரே உறுதி எம்மிடம் வந்தது. வாங்குபவரின் வேண்டுகோளின்படி பதிவேடு பார்க்கப்படவில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது. வாசித்துக் காட்டினோம். "மாஸ்ரர், நான் எப்ப இப்பிடிக் கேட்டனான்?" என்றார்.

அந்த ஒரு வரி நொத்தாரிசுக்கு முழுக் கவசமாகுமா? ஆகாது என்பதே எமது துணிபு. அது தேடுதலின் கட்டாயத்தை மட்டுமே நீக்குகின்றது. விளக்கிச் சொல்லும் கடமை அப்படியே நிற்கின்றது. விதிகளை மீறும் நொத்தாரிசு தண்டத்துக்கு மேலாகக் குடியியற் பொறுப்புக்கும் உள்ளாவார் என்பதும் அச்சட்டத்தின் கூற்றே. எதைக் கைவிடுகிறோம் என்றறியாமல் இட்ட கையொப்பத்தை அதிகாரம் என்று அழைத்தல் சொல்லுக்கு இழைக்கும் அநீதி. உடன்பங்காளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு, மனைவியின் ஆதனத்துக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்னும் தேசவழமை நுட்பங்கள் தோட்டக் கூலிக்குத் தெரியா. நொத்தாரிசுக்குத் தெரியும். அதற்காகவே கட்டணம்.

போர் இதனை மேலும் சிக்கலாக்கிற்று. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு வலிகாமம் வெறிச்சோடியது. உரித்தாளர் பலர் கடல் கடந்தனர். அற்றோனித் தத்துவத்தின் பேரில் காணிகள் கைமாறின. 1983 மே தொடக்கம் 2009 மே வரை உரிமை கோர இயலாதிருந்தோரை முன்னிட்டு 2016இல் ஆட்சியுரிமைச் சட்டத்துக்கே சிறப்பு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. இத்தகைய மண்ணில் தேடாமல் உறுதி எழுதுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் நடப்பதை ஒக்கும். விழுபவர் மட்டும் வேறொருவர்.

பிரான்சில், தாம் வெறும் எழுத்தர் என்று கூறி நொத்தாரிசு தப்ப முடியாது. ஆலோசனை கூறும் கடமையை நீதிமன்றங்கள் அவர்மேல் சுமத்தியுள்ளன. அவரது தவறால் நட்டமடைந்தோருக்கு ஈடுசெய்ய நொத்தாரிசுகளின் கூட்டு உத்தரவாத நிதியும் உண்டு. இங்கு அவ்வளவும் உடனே வருமென நாம் கருதவில்லை. தேட வேண்டாம் என்னும் அதிகாரம் தனித் தாளில், விளங்கு தமிழில், நேரக்கூடிய நட்டத்தையும் குறிப்பிட்டு எழுதப்படட்டும். வாசிக்க அறியாதவரிடம் அதனைப் பெறுதல் அறவே தடுக்கப்படட்டும். தேடுதற் செலவைக் கட்டணத்தோடு சேர்த்துக் கேட்கட்டும். அந்தத் தாய் அதனைக் கொடுத்திருப்பார்.