மூச்சின் நீளம்

கோபாலபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மியூசிக் அகாதெமி நடந்துபோகும் தொலைவுதான். மார்கழி முழுவதும் அப்பாவுக்கு அங்கேதான் வாசம். திரையிசை அவருக்கு இசையே அன்று. 1988இல் அண்ணன் 'நத்திங் பட் விண்ட்' ஒலிநாடாவை வாங்கிவந்தபோது, "சினிமாக்காரருக்கு எதற்கடா இந்த வேலை?" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது.

இளையராஜாவின் அவ்விசைத்தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், இசைக்குழுவோடு உரையாடுகிறது. திரைப்பாடலின் இடையிசையில் குழலுக்குச் சில நொடிகளே வாய்க்கும். பாடகர் வந்ததும் அது ஒதுங்கியாக வேண்டும். இங்கே ஒதுங்க வேண்டியதில்லை. ஊதுபவரின் மூச்சே எல்லை. ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் 2003இல் பிரெஞ்சு ஹார்னுக்கென ஒரு கான்செர்ட்டோ எழுதியதும் இத்தகைய விடுதலையை நாடித்தான் என எண்ணுகிறேன். சிலம்பின் அரங்கேற்று காதை குழலாசிரியனுக்குத் தனியே இலக்கணம் வகுத்திருப்பதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழலே நினைவுக்கு வரும். வீட்டில் மட்டும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நுரையீரல் நோய் முற்றியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஓரிரவு, "உன் அண்ணன் வாங்கிவந்தானே, அந்தக் குழல்... அதைப் போடேன்" என்றார். கைப்பேசியில் தேடிப் போட்டேன். கண்மூடிக் கேட்டவர், "மூச்சு எவ்வளவு தூரம் போகிறது பார்" என்றார்.

அடுத்த அறையிலிருந்து அவர் எத்தனை முறை கேட்டிருப்பாரோ! ஒருமுறை மறுத்தவர் என்றும் மறுப்பவரே என்று முடிவுகட்டி, அவரிடம் கேளாமலே இருந்துவிட்டவன் நான்தான்.