மருந்து சரி, பேஷண்ட் எங்கே?

1/ இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. ஒரு ரேடியோ ஸ்டேஷன் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. கடைசியில் உங்ககிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு.

2/ எனக்கு கிளினிக் அம்பத்தூரில், வீடு ஆவடியில். சென்னை வானொலியின் கச்சேரி நடப்பது கடற்கரைச் சாலை நிலையத்தில். ஆனால் அந்தப் பாட்டு காற்றில் ஏறுவது எங்க ஊர் ஆவடி டிரான்ஸ்மிட்டரில் இருந்து. மீடியம் வேவ், 720 கிலோஹெர்ட்ஸ். அப்பா அங்கே ஷிப்ட் பார்த்தவர். சங்கீதம் கற்றவர் இல்லை. ஆனாலும் ராத்திரி கச்சேரியைக் கேட்டுட்டு, "நிலையத்துக்குப் புது டைரக்டர் வந்திருக்கார் போல" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

3/ போன மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னைத் தலைமை மருத்துவராக வரச் சொன்னாங்க. மற்ற டாக்டர்கள் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று விதி போடுகிற நாற்காலி. அப்பாகிட்ட கேட்கலாம்னா அவர் இப்போ இல்லை. அதனால் அவர் காது கொடுத்துக் கேட்ட வானொலியை நடத்தினவங்க கதையைப் படிச்சேன்.

4/ முதல் ஆள் சி.வி.கிருஷ்ணசுவாமி செட்டி. 1924-ல் சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கியவர். 40 வாட் டிரான்ஸ்மிட்டர். நம்ம வீட்டு பழைய குண்டு பல்பு அளவுதான்! 1927-ல் பணம் இல்லாமல் கிளப் மூடிருச்சு. கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்துட்டாங்க. 1930-ல் மாநகராட்சி அதே வேலையைத் தொடர்ந்தது. மெரினாவில் ஒலிபெருக்கி கட்டி, ரேடியோ வாங்க வழியில்லாதவங்களுக்கும் பாட்டு கேட்க வச்சாங்க.

5/ அடுத்து அரசாங்கம் வந்தது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. டெல்லியில் தலைமை லயனல் ஃபீல்டன், பிபிசியிலிருந்து வந்தவர். அவர் காலத்தில், 1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை.

6/ காரணம் என்ன? ஆர்மோனியத்தின் சுரங்கள் கட்டைக்குக் கட்டை நிலையாக நிற்கும். நம்ம கமகம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகணும். அது அந்தப் பெட்டியில் வராது. தாகூருக்கே அந்தப் பெட்டி ஆகாது. வாதம் சரிதான். ஆனால் நாடக மேடையில் அதை வாசித்தே பிழைத்தவங்க எத்தனை பேர்! ஒரு உத்தரவில் அவங்களுக்கு வானொலிக் கதவு சாத்திருச்சு. அது ஓரளவுக்காவது திறக்க முப்பது வருஷம் ஆச்சு.

7/ சுதந்திரத்துக்குப் பிறகு பி.வி.கேஸ்கர். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சர். அவரே சாஸ்திரிய சங்கீதம் கற்றவர். தேசிய இசை நிகழ்ச்சி, 1954-ல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனம், ஆள் யாரென்று பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு மதிப்பிடும் குரல் தேர்வு எல்லாம் அவர் காலத்தில் வளர்ந்தவை. இன்னைக்கும் சபா அழைப்பிதழில் "வானொலி ஏ கிரேடு கலைஞர்" என்று படிக்கிறோமே, அந்தத் தரவரிசை வேரூன்றிய காலம் அது.

8/ அதே மனுஷர்தான் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒதுக்கி வச்சார். நல்ல சங்கீதத்தை மட்டும் கொடுத்தால் ஜனங்க ரசனை உயரும் என்று நம்பினார். ஜனங்க என்ன செஞ்சாங்க? சண்டை போடலை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலி வச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

9/ இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குனு இருந்தது. பிராக்டிஸ் தொடங்கின புதுசில் பூந்தமல்லியிலிருந்து ஒரு ஆட்டோ ஓட்டுநர் வருவார். சர்க்கரை அதிகம். "இட்லி கூடாது, சாதம் கூடாது, டீ கூடாது" என்று அடுக்கினேன். காலையில் ஆறு மணிக்கு வண்டி எடுக்கிற மனுஷன் வேற என்ன சாப்பிடுவார் என்று கேட்கவே இல்லை. "சரிங்க டாக்டர்" என்று எழுந்து போனார். அப்புறம் ஆளே இல்லை.

10/ பதினோரு மாதம் கழித்து வந்தார். காலில் புண். ஒரு விரலை எடுக்க வேண்டியதாச்சு. "ஏன்ணே வரலை?" என்று கேட்டேன். "நீங்க சொன்னது எதையும் என்னால செய்ய முடியலை டாக்டர். திட்டுவீங்கன்னு வரலை." அவர் என்னோட சண்டை போடலை. முள்ளைத் திருப்பிக்கிட்டார். நான் எழுதின மருந்து சரி. ஆனா பேஷண்ட் இல்லையே.

11/ கேஸ்கர் பதவியில் இருக்கும்போதே, 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி வந்தது. சினிமாப் பாட்டு வானொலிக்குள் திரும்பியது. சாஸ்திரிய சங்கீதத்தையும் யாரும் நிறுத்தலை. போனவங்களைத் திரும்பக் கூப்பிட ஒரு தனி வாசல் திறந்தாங்க. எனக்கு அந்த யோசனை விரல் போன பிறகுதான் வந்தது.

12/ அதே 1957-ல் சென்னை வானொலியின் கர்நாடக இசைக்குத் தலைமைத் தயாரிப்பாளர் யார் தெரியுமா? செம்மங்குடி சீனிவாச ஐயர்! பாடுகிறவரே நாற்காலியில். 1960 வரை இருந்தார். அப்புறமும் எத்தனையோ வருஷம் மேடையில் பாடினார். இன்னைக்கு அவரை ஞாபகம் வச்சிருக்கிறவங்களுக்கு அந்த நாற்காலி ஞாபகம் இல்லை, பாட்டுதான் ஞாபகம்.

13/ எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். விஷயம் தெரிஞ்சவர்தான் தலைமையில் இருக்கணும். ஆனால் விஷயம் தெரிஞ்சவருக்கு ஒரு வியாதி சீக்கிரம் வரும்: தன் காதுக்கு நல்லது எல்லார் காதுக்கும் நல்லது என்ற நம்பிக்கை. சங்கீத சம்மேளனம் தந்ததும் சினிமாப் பாட்டை ஒதுக்கியதும் ஒரே காதல்தான். அதுக்கு மருந்து, கேட்கிறவங்க பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது.

14/ அதனால் ஒரு நிபந்தனையோட "சரி" சொல்லிட்டேன். வாரம் ரெண்டு நாள் புறநோயாளிகள் பிரிவில் நானே பேஷண்ட் பார்ப்பேன். ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வாரம் சேர்றேன்.

15/ இப்போ கேள்வி. நீங்க எந்த டாக்டர்கிட்ட போறதைச் சத்தமில்லாம நிறுத்துனீங்க? பேர் வேண்டாம். ஏன் நிறுத்துனீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணு விடாம படிப்பேன்.