டிக்கியில் எழுந்த ஓசை

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது, விடுதி வாழ்க்கையையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றி எழுத என்னிலும் வல்லார் பலர் உளர் என்று கூறி அவர்களை அனுப்பிவிடப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. ஆகவே, இக்கல்லூரியில் மாணவனாகவும் பின்னர்ப் பௌதிக ஆசிரியனாகவும் இருந்த நான், என் மோட்டார்க் காரின் டிக்கியில் எழுந்த ஓர் ஓசையைப் பற்றி எழுதத் துணிகின்றேன். கல்லூரி மலருக்கும் கார் டிக்கிக்கும் யாது தொடர்பு என வாசகர் முகஞ் சுளிக்க வேண்டா. தொடர்பு உண்டு.

கார், என் தந்தையார் 1959 இல் வாங்கிய மொறிஸ் மைனர். பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990களில், காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, என் பெற்றோரைச் சுமந்து, சனத்திரளின் நடுவே, நடப்பவரின் வேகத்திலேயே இதுவும் நகர்ந்தது. அன்று டிக்கியில் அரிசிச் சாக்கும் ட்றங்குப் பெட்டியும் என் புத்தகங்களும் திணித்திருந்தோம். அதிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. நிறைகுடம் தளும்பாது என்பது டிக்கிக்கும் பொருந்தும்.

சென்ற ஆண்டு மாரியில் டிக்கிக்குள் மழைநீர் ஒழுகிற்று. மூடியைச் சுற்றியிருந்த பழைய றப்பரை நானே உரித்தெறிந்துவிட்டுக் கடையிற் கிடைத்த புதிய றப்பரை ஒட்டினேன். அதே கிழமையில், பின் வில்லுகளைத் தாங்கும் றப்பர்கள் தேய்ந்து போயிருந்தமையால், காரைக் கராச்சிற் கொடுத்து அவற்றையும் மாற்றுவித்தேன். மாணவர்கள் இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. நான் வைத்துக்கொள்ளவில்லை.

கராச்சிலிருந்து வந்த மறுநாளே ஓசை தொடங்கிற்று. எங்கள் ஒழுங்கையின் பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் பின்னே ‘தொம், தொம்’ என்று ஒலித்தது. வலப்புறச் சில்லுக்கு அடியிலிருந்துதான் வருகின்றது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நேரே கராச்சுக்குச் சென்றேன்.

கராச் நடத்துபவர் என்னிடம் படித்தவர். 1995 டிசெம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவர். இடப்பெயர்வோடு அவர் படிப்பு நின்றது. சாவகச்சேரியில் ஒரு மரத்தின் கீழ்ச் சைக்கிள் திருத்தத் தொடங்கிய கை, பின்னர்க் காருக்கு மாறியது. அவர் காரை உயர்த்தி, அடியிற் படுத்து, ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்த்தார். “சேர், கீழை ஒண்டுமில்லை, எல்லாம் இறுக்கம். மேலைதான் எங்கேயோ அடிக்குது. இரண்டு நாள் காரை விட்டிட்டுப் போங்கோ, நான் பாத்து வைக்கிறன்” என்றார்.

அப்பொழுது நான் சொன்னதை இங்கே எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். “சோதனைக்கே தோற்றாத நீ எனக்குப் பௌதிகம் படிப்பிக்கிறாயோ?” என்று கேட்டேன். வேலை பழகும் பொடியன்கள் நால்வர் கேட்டுக்கொண்டு நின்றனர். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு, திறப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அன்றைய வேலைக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் என் பேத்தி காரின் பின்னாசனத்தில் ஏறினாள். “அப்பப்பா, இரண்டு சத்தம் கேக்குது. ஒண்டு தொம் எண்டு, மற்றது கிலுகிலு எண்டு” என்றாள். கிலுகிலுப்பு எனக்குக் கேட்கவேயில்லை. முதுமையில் உயர்ந்த மீடிறனுடைய ஒலிகளையே செவி முதலில் இழக்கும் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். அது என் செவிக்கும் உரியது என்று எண்ணியதில்லை. அப்பொழுதுதான், எதையும் பரிசோதியாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேனே என்ற உறுத்தல் எழுந்தது.

டிக்கியை முற்றாக வெறுமையாக்கினோம். ஜக், சில்லுக் கழற்றும் சாவி, தண்ணீர்க் கலன், இரண்டு குடைகள், வெற்றுப் போத்தல்கள், எப்பொழுதோ தொலைந்ததாக நான் மனைவியைக் கடிந்துகொண்ட ஒரு கத்தரிக்கோல். அவளும் காரில் வர ஓட்டிப் பார்த்தேன். கிலுகிலுப்பு நின்றுவிட்டதாகப் பேத்தி கூறினாள். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து ஓட்டினோம். ஜக்கோடு சாவி உரசியதே காரணம் என்று தெரிந்தது. சாக்குத் துண்டில் இரண்டையும் தனித்தனியே சுற்றி வைத்தோம், அவ்வளவுதான்.

தொம்மோ நிற்கவில்லை. பலகைக்குக் கீழிருந்த மேலதிகச் சில்லையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். அப்பொழுதும் இருந்தது. இனி எஞ்சியது மூடி. கொடிக்கயிற்றால் மூடியின் கைபிடியைப் பின் பம்பரோடு இழுத்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் ஓடினேன். ஓசை இல்லை. கயிற்றை அவிழ்த்தேன், வந்தது. மீண்டும் கட்டினேன், போயிற்று.

பின்னர்ப் பத்திரிகைத் தாளைக் கீலங்களாகக் கிழித்து, மூடியின் விளிம்பில் ஒவ்வோரிடமாக வைத்து மூடி, வெளியே இழுத்தோம். றப்பர் இறுகப் பிடிக்கும் இடத்திற் கீலம் வராது, கிழியும். வலப்பக்கம் முழுவதும் வெண்ணெயிலிருந்து மயிரை இழுத்தாற்போல வழுவி வந்தது. நான் ஒட்டிய றப்பர் பழையதிலும் மெல்லியது. பூட்டு விழுந்தபோதிலும் மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே நூலளவு இடைவெளி. பள்ளத்தில் இறங்குந்தோறும் அத்தகடு தவில் போலச் சட்டத்தில் அறைந்தது.

அது சில்லுக்கு அடியிற் கேட்டது ஏன் என்று மாணவர் கேட்கலாம். செக்கனுக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர். மொறிஸ் மைனரின் முழு நீளமே 3.75 மீற்றரளவுதான். அத்தகைய தாழ்ந்த ஒலி தகட்டு உடலெங்கும் பரவித் தெறிக்கும்போது, ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள இரு செவிகள் திசையை எங்ஙனம் அறியும்? நான் கேட்டது திசையை அன்று, கராச்சின்மேல் எனக்கிருந்த ஐயத்தை. (ஓசையைக் கண்டறிய ஆளொருவரை டிக்கிக்குள் படுக்கவைத்து ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை ஒருபோதும் செய்யற்க. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.)

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு விளைவுக்குக் காரணம் தேடாதே என்று இக்கல்லூரி ஆய்வுகூடத்தில் முப்பது ஆண்டு படிப்பித்தவன் நான்.

மறுநாட் காலை கராச்சுக்குப் போனேன். பொடியன்கள் நால்வரும் நிற்கும் நேரமாகப் பார்த்தே போனேன். பிழை என்னுடையது, சொன்ன சொல்லும் பிழை என்றேன். அவர் ஒரு லொறிக்கு அடியிலிருந்து எழுந்து, தட்டிலிருந்து தடித்த றப்பர்ச் சுருள் ஒன்றை எடுத்து வந்தார். மைனரின் மூடிக்கு அளவாக வெட்டிய சுருள் அது.

“அண்டைக்கே கண்டனான் சேர். நீங்கள் ஒட்டின றப்பர் எண்டு தெரியும். பொடியளுக்கு முன்னாலை சொல்ல மனம் வரேல்லை. அதுதான் இரண்டு நாள் விட்டிட்டுப் போங்கோ எண்டு கேட்டனான்.”

எனக்குப் பேச வரவில்லை. அவரே றப்பரை ஒட்டி, மூடியை மூன்று முறை சாத்திப் பார்த்தார். காசு கொடுத்தேன், இம்முறை வாங்கினார். பின்னர், “மகன் வாற வருசம் ஓ.எல். எடுக்கிறான். பின்னேரங்களிலை உங்களிட்டை அனுப்பட்டோ?” என்று கேட்டார்.

செவ்வாயும் வியாழனும் அச்சிறுவன் வருகின்றான். கணக்கிற் கெட்டிக்காரன், எழுத்துத்தான் கோழி கிளறினாற்போல. டிக்கியின் இடப்பக்க மூலையில் இன்னமும் சிறிது மழைநீர் ஒழுகுகின்றது. அதனை நான் தொடவில்லை.