புகார் கொடுக்க வருகிறவர் எங்கே உட்காருவார்?

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு கச்சேரி ரோட்டுக்குள் நுழைந்தேன். டப்பா செட்டி கடையைத் தாண்டி சாந்தோம் பக்கமாக நடந்தால் மயிலாப்பூர் காவல் நிலையம். போலீஸ் கணக்கில் இ-1. தி.நகர்ப் பக்கம் ஆர் வரிசை, அடையாறுப் பக்கம் ஜே வரிசை: ஆர்-1 மாம்பலம், ஜே-2 அடையாறு. இந்த எழுத்தெல்லாம் நமக்குத் தெரிய வருவது பைக் காணாமல் போன அன்றைக்குத்தான்.

நான் போனது புகார் கொடுக்க அல்ல. எங்கள் பக்கத்துச் சிறு டவுன் ஒன்றில் தனி ஸ்டேஷன் கேட்டு மனு தயாராகிறது. கட்டடம் எப்படி இருந்தால் நல்லது என்று அதில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி, அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சட்டப்படி பார்த்தால் கட்டடமே இரண்டாம்பட்சம். மாநில அரசு எந்த இடத்தைக் காவல் நிலையம் என்று அறிவிக்கிறதோ அதுதான் காவல் நிலையம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னதையே 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் சொல்கிறது. வாடகை வீட்டில்கூட ஸ்டேஷன் நடக்கலாம். எத்தனை பேருக்கு ஒன்று என்பதற்கு, 1977-இல் அமைத்த தேசிய போலீஸ் கமிஷன் ஓர் அளவு சொன்னது: நகரத்தில் 60,000 பேருக்கு ஒன்று; கிராமப்புறத்தில் ஒரு நிலையத்தின் எல்லை 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

தி.நகரில் இந்தக் கணக்கு செல்லுபடியாகாது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நெருக்கியடித்து நிற்பவர்களில் தி.நகர்வாசி எத்தனை பேர்? அதனால்தான் பண்டிகைக்குப் பண்டிகை கண்காணிப்புக் கோபுரமும் தற்காலிகக் கட்டுப்பாட்டு அறையும் முளைக்கின்றன. மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் அன்றைக்கும் இதே கதை. வாரச் சந்தையும் தேரும் உள்ள சிறு டவுன்காரர்கள் மக்கள்தொகையை மட்டும் காட்டி மனு எழுதினால் ஏமாந்துபோவார்கள்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நான் சுற்றிய மூன்று பேட்டைகளில் ஒரு நிலையத்தில் (எது என்று வேண்டாம்) சற்று நேரம் உட்கார விட்டார்கள். வாசலில் பாரா. "யாரைப் பார்க்கணும் சார்?" அடுத்து வரவேற்பு மேஜை, அதற்குப் பின்னால் ரைட்டர். சட்டம் ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒருவர், ஆளுக்கொரு அறை. லாக்கப் பாராவின் கண்ணில் படும்படி இருந்தது. எல்லாருக்கும் இடம் யோசித்து ஒதுக்கியிருக்கிறார்கள், புகாரோடு வந்தவருக்கு மட்டும் இல்லை. இருந்த ஒரே பெஞ்சில் யாரையோ பிடித்து வந்ததற்காக வந்திருந்த உறவுக்காரர்கள். நடுத்தர வயது அம்மா ஒருவர் தூணோடு ஒட்டி நின்றபடியே, மருமகன் அடித்ததை ரைட்டரிடம் சொன்னார். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். பாதியிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தமா சொல்லும்மா" என்றார் ரைட்டர். அவரையும் குறை சொல்ல முடியாது, மின்விசிறி அப்படிக் கத்தியது.

இந்த நிலை மாறத்தான் 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அது இருப்பதால் மற்ற நிலையங்களில் கதவு சாத்திப் பேச ஓர் அறை வேண்டாம் என்று ஆகிவிடுமா? மனுவில் நான் எழுதிய முதல் வரியே அந்த அறைதான். பத்துக்குப் பத்து போதும்.

வெளியே வந்தால் சுவரோரம் பறிமுதல் வண்டிகள். தெருவில் பாதியை அவையே பிடித்திருக்கின்றன. ஒரு ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரில் கொடி ஏறிப் பூத்தும் விட்டது. கைப்பற்றிய பொருள்கள் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் கிடக்கக் கூடாது என்று சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியாயிற்று. ஆகவே வண்டிக்கென்று தனி மனை, ஊருக்கு வெளியே.

கேமரா விஷயத்தையும் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, அங்கே பதிவுகள் அன்றன்றே அழிந்துபோகும்படி வைத்திருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, கழிப்பறைக்கு வெளியே, கட்டடத்தின் பின்புறம் என்று இடம் இடமாகச் சொல்லிக் கேமரா வைக்க உத்தரவிட்டது. படத்தோடு ஒலியும் பதிய வேண்டும்; 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு, பதிவு இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு ஒயர் இழுத்தால் ஏதாவது ஒரு மூலை விட்டுப்போகும். எந்த மூலை என்று சொல்ல வேண்டியதில்லை.

அடையாறு போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. ஆற்றுப் பாலத்தில் நின்றபோது 2015 டிசம்பர் ஞாபகம் வந்தது. கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் ஆறு புகுந்த நாட்கள் அவை. அப்படிப்பட்ட இரவில் உதவி கேட்டு ஓடி வருகிற இடம் போலீஸ் ஸ்டேஷன். அதுவே தண்ணீரில் நின்றால் வயர்லெஸ்ஸும் போச்சு, ஆவணமும் போச்சு. எங்கள் டவுனில் ஸ்டேஷனுக்குக் காட்டியிருப்பது ஏரியை ஒட்டிய புறம்போக்கு. சும்மா கிடைக்கிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய பேரூராட்சிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. இடம் குறுகல்தான், மாடி எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் மேடு, கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்ணும் இரண்டு நிமிடத்தில் நடந்துவிடலாம். அந்த சர்வே எண்ணைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.