எள்ளலின் இரண்டாம் பாதி

எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று எம் தந்தையர் வழக்காடினர். 1999இல் முதுகலைத் தமிழ் பயின்றபோது எங்களுக்கு வாய்த்த வழக்கு, இளையராஜாவா ரஹ்மானா என்பது.

இரவுணவுக்குப் பின் விடுதி அறையில் பட்டிமன்றம் கூடும். கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளியே நடுவரின் இருக்கை. தோளில் துண்டுடன் அதில் அமர்பவர் சாலமன் பாப்பையாவின் குரலில் தொடங்கி வைப்பார். தோற்ற அணி மறுநாள் அனைவருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். 1992ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை முதற்படமான ‘ரோஜா’வுக்கே ரஹ்மான் பெற்றார் என்று நாங்கள் முழங்குவோம். அதே ஆண்டில்தானே ‘தேவர் மகன்’ வந்தது, விருதுதான் அளவுகோலா என்று எதிரணி வினவும். ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தானே உங்கள் ரஹ்மான் என்பது அவர்களுடைய இறுதி அம்பு.

ராஜா அணியில் சிற்றூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருந்தார். பாடலின் இடையிசையை வாயாலேயே வாசித்துக் காட்டி வாதிடுவார். அவர் வாய் திறந்தால் எங்கள் அணி தடுமாறும். ஓர் இரவு மறுமொழி கிடைக்காத நிலையில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: “டீக்கடைக் குழாயில பாட்டுக் கேட்ட காதுக்கு ஸ்டீரியோ எப்படிடா புரியும்?” அவருடைய தந்தை டீக்கடையில் மாஸ்டராக இருந்தார் என்பதை நாங்கள் அனைவரும் அறிவோம். அறை அதிரச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அதன்பின் அவர் வாதிட எழவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ராஜா அணி பணிந்துவிட்டதாக நாங்கள் கணக்கெழுதிக்கொண்டோம்.

அதே பருவத்தில்தான் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடம் கேட்டோம். நகைக்கு நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் என எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறார் உரைகாரர் பேராசிரியர். தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். அந்த இரண்டாம் வகைக்கு உதாரணம் எங்கள் அறையிலேயே அமர்ந்திருந்ததை அறிந்தோமில்லை.

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தார். அன்றிரவு பழைய நண்பர்கள் தொலைபேசியில் ஒன்றுகூடினோம். ராஜாவின் இசையில் ‘சாகர சங்கமம்’ படத்துக்கும், ரஹ்மானின் இசையில் ‘மின்சாரக் கனவு’ படத்துக்கும் தேசிய விருது பெற்ற குரல் அது. அன்று அணி பிரிக்க எவருக்கும் மனமில்லை. பேச்சு விடுதிக்குத் திரும்பியபோது அந்த இரவைக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்தோம்.

“நானும்தானேடா சிரிச்சேன், விடுங்க” என்றார். சற்று நேரம் மௌனம். பின்னர் அவரே தொடர்ந்தார்: “ஆனா ஒண்ணு. ‘ரோஜா’ பாட்ட நான் முதன்முதலா கேட்டதே அந்தக் குழாயிலதான். அப்பாதான் கேசட் வாங்கியாந்தார். தேயிற வரைக்கும் போட்டார். ராஜா கேசட்டும் அதே பெட்டிக்குள்ளதான் இருக்கும். அன்னிக்கு இதச் சொல்லணும்னுதான் வாயெடுத்தேன்.”

ராஜாவும் ரஹ்மானும் ஒரே குழாய் வழியாக ஓர் ஊரின் காலையை நிறைத்த கதையை எங்கள் பட்டிமன்றம் கேட்டிருக்க வேண்டும். வாளியில் அமர்ந்த நடுவர் எவருக்கும் அதைவிடச் சிறந்த தீர்ப்பு வாய்த்திருக்காது. ஒரு சிரிப்புக்காக இருபது ஆண்டுகள் அதை இழந்திருந்தோம்.

இன்று எம் வகுப்புகளில் வடிவேலுவின் வசனங்களை மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுகின்றனர். நாமும் சேர்ந்தே சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும், எறியப்பட்ட வசனம் எவர்மேல் விழுந்ததோ அவரை அடுத்துப் பேச அழைக்கிறோம்.