கல்லுல சொருகின வாளும் எங்க வீட்டுப் பொடியனும்

அரையாண்டுப் பரீட்சை லீவு விட்ட ரெண்டாம் நாள். மத்தியானத்துல இருந்தே தூறல். மஞ்சக்காட்டுல ஏற்கெனவே கால் புதையற அளவுக்கு ஈரம். அதுல இறங்கினா வேலையும் நடக்காது, மிதிபட்டுப் பயிரும் கெடும். தேங்கா போட வர்றேன்னு சொன்ன ஆளும் மழையைப் பாத்துட்டு நின்னுட்டாரு. விவசாயிக்கு லீவுன்னா மழை குடுத்தாத்தான் உண்டு. நானும் கயித்துக் கட்டிலை டிவிக்கு நேரா இழுத்துப் போட்டுச் சாஞ்சுட்டேன்.

வீட்டுல பசங்க ரெண்டு பேரு. பெரியவன் என் மகன், பத்தாவது. சின்னவன் என் தங்கச்சி பையன், ஏழாவது. தங்கச்சி தவறி நாலு வருஷம் ஆச்சு. மாப்பிள்ளைக்கு லாரி ஓட்டற பொழப்பு. மாசத்துக்கு ஒருக்கா வந்து, பையனுக்கு ரெண்டு சட்டை எடுத்துக் குடுத்துட்டு, ஒரு ராத்திரி தங்கிட்டுப் போவாரு. அதனால சின்னவன் எங்க கூடத்தான். பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர்ல அவனுக்கு நல்ல பேரு ஒண்ணு இருக்குது. வீட்டுல எல்லாருக்கும் அவன் 'பொடியன்'.

படத்தைப் போட்டது பெரியவன். தேடித் தேடிப் பாத்துட்டு, "ஒண்ணும் சிக்க மாட்டேங்குது, இந்தப் பழைய கார்ட்டூன்தான் இருக்குது"ன்னு சலிச்சுக்கிட்டே அமுத்தினான். படம் பேரு 'தி ஸ்வோர்டு இன் தி ஸ்டோன்'. கல்லுக்குள்ள வாள். டிஸ்னிக்காரங்க 1963-ல எடுத்தது. நான் பொறக்கறதுக்கு முந்தின படம். இங்கிலீசுதான். எனக்குப் பாதி புரியும், மீதியைப் பசங்க சொல்லுவாங்க. அரைமணி நேரத்துல தூங்கிடலாம்னுதான் உட்கார்ந்தேன். தூங்கலை.

கதை இங்கிலாந்துல நடக்குது. ராஜா செத்துப் போறாரு, வாரிசு இல்லை. லண்டன்ல ஒரு கோயில் முற்றத்துல, பட்டறைக்கல்லோட சேத்துச் சொருகின வாள் ஒண்ணு நிக்குது. அதை உருவறவன்தான் ராஜான்னு அதுலயே எழுதியிருக்குது. பெரிய பெரிய வீரனெல்லாம் வந்து இழுத்துப் பாக்கறான். அசையலை. காலப்போக்குல எல்லாரும் அதை மறந்தே போயிடறாங்க. நாட்டுல வலுத்தவன் வெச்சதுதான் சட்டம்னு ஆயிடுது.

அந்தக் காலத்துல ஒரு கோட்டை. அதுக்குச் சொந்தக்காரரு எக்டர்னு ஒரு பிரபு. மீசையும் தொப்பையுமா இருப்பாரு. அவருக்கு கேன்னு தடிமாடு மாதிரி ஒரு மகன். இன்னொரு பையனும் அங்க வளர்றான், எக்டர் எடுத்து வளர்க்கற அநாதைப் பையன். எலும்பும் தோலுமா, காத்தடிச்சாப் பறந்துடுவான் போல. அவன் பேரு ஆர்தர். ஆனா யாரும் அப்படிக் கூப்பிடறதில்லை. எல்லாருக்கும் அவன் 'வார்ட்'. அப்படின்னா மருன்னு பெரியவன் சொன்னான். மூஞ்சியில வருமே, அந்த மரு. பொடியன் விழுந்து விழுந்து சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

கேயை நைட்டு ஆக்கணும்னு, அதாவது கவசம் போட்ட குதிரை வீரனாக்கணும்னு, அப்பாக்காரரு கூடவே நின்னு பழக்கறாரு. வார்ட்டுக்கு அந்த யோகம் கிடையாது. கேய்க்குப் பின்னால ஈட்டியும் கவசமும் தூக்கிட்டு ஓடற எடுபிடி ஆகறதுதான் அவனோட பெரிய கனவு. அதுக்கு நடுவுல தப்பு ஒண்ணு பண்ணினா, நேரா சமையக்கட்டுக்குப் போய் பாத்திரம் தேய்க்கணும்.

கேய் விட்ட அம்பு காட்டுக்குள்ள போய் விழுது. ஓநாய் இருக்கற காடு. கேய் போகலை. பொறுக்கிட்டு வர்றது வார்ட். போன இடத்துல ஒரு குடிசைக் கூரையைப் பிச்சுக்கிட்டு உள்ள விழறான். அது மெர்லின்ங்கற மந்திரவாதி வீடு. தாடி முட்டி வரைக்கும். யாரோ ஒருத்தன் வரப்போறான்னு தெரிஞ்சு டீ போட்டு வெச்சுக் காத்திருக்காரு. இந்தப் பையனைப் படிக்க வைக்கறதுதான் என் வேலைன்னு, மொத்த வீட்டையும் சுருக்கி ஒரே பைக்குள்ள அடைச்சுக்கிட்டுக் கிளம்பிடறாரு. பீங்கானும் புத்தகமும் நாற்காலியும் வரிசை கட்டி டான்ஸ் ஆடிக்கிட்டே பைக்குள்ள போறதைப் பாத்து எங்க வீட்டம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க. அப்புறம் அங்கயே நின்னுட்டாங்க.

மெர்லின்கிட்ட ஆர்க்கிமிடிஸ்னு ஒரு ஆந்தை இருக்குது. சிடுமூஞ்சி. ஆனா படிச்ச ஆந்தை, பையனுக்கு எழுதப் படிக்கக் கத்துக் குடுக்கறதே அதுதான். நம்ம பக்கம் ஆந்தை அலறினா அபசகுனம்னு கல்லெடுத்து எறிவாங்க. ஆனா நெல்லு வயல்ல அதே ஆந்தை உட்காரட்டும்னு டி எழுத்து மாதிரி குச்சி நட்டு வைக்கறோம். ராத்திரி வந்து எலி புடிக்கும். மருந்துச் செலவு மிச்சம். வயலுக்கு வேணும், வீட்டுப் பக்கம் வரக்கூடாது. இதைச் சொன்னதும் பொடியன், "அப்ப நம்ம வயல்லயும் ஒரு வாத்தியார் இருக்காருங்க மாமா"ன்னான்.

இந்தப் படத்துல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்தப் பாடம் நடத்தற முறைதான். வாள் சண்டை கத்துக் குடுக்க மாட்டாரு மெர்லின். பையனை மீனாக்கி அகழித் தண்ணியில விடுவாரு. வாய் நிறையப் பல்லோட ஒரு பெரிய மீன் துரத்தும். கிணத்துல நீச்சல் பழகினவனுக்கு அந்தக் காட்சியோட அருமை தெரியும். கடைசியில ஆந்தைதான் தூக்கிப் போட்டுக் காப்பாத்தும். கேட்டா, நான் திங்கறதுக்குத்தான் புடிச்சேன்னு சாதிக்கும். எங்க அப்பாவும் இப்படித்தான். ஒரு நல்லது பண்ணிட்டா ஒத்துக்கவே மாட்டாரு.

அடுத்து அணில். எங்க கொய்யா மரத்துல காய் பழுக்க ஆரம்பிச்சா எனக்கு முன்னால அணிலுக்குத் தெரியும். அதனால அணில்னா எனக்கு ஆகாது. படத்துல அணிலா மாறின பையன் மேல ஒரு பெண் அணிலுக்கு ஆசை வந்துடுது. நான் அணிலே இல்லைன்னு எவ்வளவு சொன்னாலும் அதுக்குப் புரியலை. ஓநாய் வந்து அவனைக் கவ்வப் பாக்கறப்ப, அந்தச் சின்ன உசுரு பாய்ஞ்சு ஓநாய் காலைக் கடிச்சு அவனைக் காப்பாத்துது. அப்புறம் அவன் மனுசனாயிடறான். அது பொந்துக்குள்ள போய் அழுவுது பாருங்க. வீட்டுல ஒரு சத்தம் இல்லை. என் ஜென்மத்துல ஒரு அணிலுக்காகத் தொண்டை அடைச்சது அன்னிக்குத்தான்.

சிரிப்புக்கு மிம்னு ஒரு சூனியக்காரி. அவளுக்கும் மெர்லினுக்கும் உருமாறிச் சண்டை. மிருகமா மட்டும்தான் மாறணும், மறைஞ்சு போகக்கூடாதுன்னு விதி போட்டவளே அவதான், மீறறவளும் அவதான். அவ யானையானா இவரு எலி. இப்படியே போய்க் கடைசியில நெருப்புக் கக்கற டிராகனாயிடறா. மெர்லினைக் காணோம். மறைஞ்சுட்டான், தோத்துட்டான்னு அவ கத்தறப்ப, உள்ள இருந்து குரல் வருது: நான் மறையலை, நோய்க்கிருமியா மாறி உன் உடம்புக்குள்ள இருக்கறேன். அவளுக்கு உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா வந்து, தும்மல், காய்ச்சல்.

நான் எழுந்து உட்கார்ந்து கை தட்டினேன். மஞ்சள் போடறவனுக்கு இது கதை இல்லைங்க. கிழங்கு அழுகல் வந்தாக் காட்டுப்பன்னியோ மாடோ வந்து அழிக்கலை. கண்ணுக்கே தெரியாத பூஞ்சாணம். தழை மஞ்சளிச்ச பொறவுதான் நமக்கே தெரியும். தோண்டிப் பாத்தாக் கிழங்கு கொழகொழன்னு இருக்கும். உலகத்துல பெரிய பலசாலி யாருன்னு அந்தப் படம் எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது.

இதுக்கு நடுவுல எனக்கு வேற ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சுது. சமையக்கட்டுல அடுக்கியிருக்கற பாத்திரத்தை மெர்லின் மந்திரத்தால தானாத் தேய்க்க வைப்பாரு. வீட்டம்மா, "இப்படி ஒருத்தரு இங்க வந்தாத் தேவலை"ன்னாங்க. உடனே பெரியவன், "நம்மகிட்டத்தான் பொடியன் இருக்கானே"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். பொடியனும் சிரிச்சான். நான் மட்டும் பாதியில நிறுத்திட்டேன்.

ஏன்னா அது நெசம். விடியக்காலை அஞ்சரைக்கு மோட்டார் போடறது யாரு? பொடியன். கடைக்கு ஓடறது, பால் ஊத்திட்டு வர்றது, மாட்டுக்குத் தண்ணி காட்டறது? பொடியன். பெரியவன் பத்தாவது, அவனைத் தொந்தரவு பண்ணக்கூடாது. இதை நாங்க யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலை. அதுவா அப்படி அமைஞ்சு போச்சு. சுறுசுறுப்பான பையன், முகம் சுளிக்க மாட்டான்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்குவேன். முகம் சுளிக்க அவனுக்கு இங்க உரிமை இருக்குதான்னு நான் யோசிச்சதில்லை. ரெண்டு மாசத்துக்கு முன்னால வகுப்புல தூங்கி வழியறான்னு டீச்சர் சொல்லியனுப்பினாங்க. ராத்திரி டிவி பாக்கறியான்னு நான் அவனைத்தான் திட்டினேன். அஞ்சரை மணிக் கணக்கு என் மண்டையில வரவே இல்லை.

எக்டரும் கெட்டவரு இல்லை. சோறு போடறாரு, தங்க இடம் குடுக்கறாரு. அவரு மனசுல ரெண்டு தட்டு இருக்குது, அவ்வளவுதான். அது அவருக்கே தெரியாது.

கடைசியில லண்டன்ல போட்டி வெக்கறாங்க. ஜெயிக்கறவன் ராஜா. கேய்க்கு எடுபிடியாப் போன வார்ட், வாளைச் சத்திரத்துலயே மறந்து வெச்சுட்டு வந்துடறான். ஓடிப் போனாச் சத்திரம் பூட்டியிருக்குது. பக்கத்துல கல்லுல ஒரு வாள் நிக்கறதை ஆந்தை பாத்துச் சொல்லுது. அது என்ன வாள்னு அவனுக்குத் தெரியாது. ராஜாவாகணும்னு அவன் உருவலை. அண்ணனுக்கு வாள் வேணும், இல்லைன்னாத் திட்டு விழும். அதுக்காக உருவறான். வந்துடுது.

யாரும் நம்பலை. திரும்பச் சொருகச் சொல்றாங்க. கேய் இழுக்கறான், மத்தவங்களும் இழுக்கறாங்க, வரலை. பையன் தொட்டதும் வருது. அப்ப எக்டர் மண்டி போட்டு, என்னை மன்னிச்சுடு மகனேங்கறாரு.

பொடியன் டிவியில இருந்து கண்ணை எடுக்காமக் கேட்டான்: "வாள் வரலைன்னா அவரு மன்னிப்புக் கேட்டிருப்பாருங்களா மாமா?"

சும்மா கேட்டான். குத்திக் காட்டற வயசு இல்லை அவனுக்கு. பெரியவன் "உஷ், படத்தைப் பாரு"ன்னான். நான் ஒண்ணும் சொல்லலை. தலைக்குப் பெரிசான கிரீடத்தை வெச்சுக்கிட்டு அந்தக் குட்டி ராஜா ஓடப் பாக்கறதும், மெர்லின் அரைக்கால் டவுசரும் கூலிங் கிளாசுமா வந்து இறங்கறதும் நடந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் படம் அந்தக் கேள்வியோட நின்னு போச்சு.

ராத்திரி போன்ல இந்தப் படத்தைப் பத்தித் தேடிப் படிச்சேன். டி.எச். வொய்ட்ங்கறவரு 1938-ல எழுதின நாவல்ல இருந்து எடுத்தது. வால்ட் டிஸ்னி உசுரோட இருந்தப்ப வெளிவந்த அவங்க கடைசி முழுநீளக் கார்ட்டூன் படம் இதுதானாம். 1966-ல அவரு போயிட்டாரு. இன்னொரு விசயம், வார்ட்டுக்கு மூணு பசங்க குரல் குடுத்திருக்காங்க. அதுல ரெண்டு பேரு டைரக்டர் ரெய்தர்மேனோட சொந்தப் பசங்க. நடுநடுவுல குரல் மாறுதேன்னு நினைச்சேன், இதுதான் காரணம்.

மறுநாள் விடியக்காலை அலாரம் அடிக்கறதுக்கு முன்னாலயே எழுந்து மோட்டாரை நானே போட்டேன். லீவு முடிஞ்சு பொங்கலுக்கு அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் பெரியவன், ஒரு நாள் பொடியன், மீதி நான்னு காலண்டர்ல எழுதி வெச்சேன். "எனக்குப் பப்ளிக் எக்ஸாம்ங்கப்பா"ன்னு பெரியவன் மூஞ்சியைத் தூக்கினான். அரைமணி நேரத்துல பரீட்சை போயிடாதுன்னு சொன்னேன். நான் முழுசா மாறிட்டேன்னு சொல்ல மாட்டேன். அவசரம்னா வாயில மொத வர்ற பேரு இன்னும் அவன் பேருதான். நாலு வருசப் பழக்கம்.

போன வாரம் அவன் முறை. நானும் கூடப் போனேன். மோட்டார் ரூம்ல சுவிட்சைப் போட்டுட்டுத் தண்ணி வந்து தொட்டியில விழற வரைக்கும் நின்னுக்கிட்டிருந்தோம். அப்பத்தான் சொன்னேன்.

"அன்னிக்குக் கேட்டியே கண்ணு, வாள் வரலைன்னா அவரு மன்னிப்புக் கேட்டிருப்பாரான்னு..."

"ஆமாங்க மாமா."

"கேட்டிருக்கணும்டா. வாள் வந்தாலும் வராட்டியும்."

கொஞ்ச நேரம் தண்ணியையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம், "சரிங்க மாமா, அந்தப் படத்தை இன்னொருக்காப் போடலாங்களா? எனக்கு அந்த ஆந்தையைப் பாக்கணும்"னான்.

ஞாயித்துக்கிழமை போடறோம். உங்க வீட்டுலயும் குழந்தைங்க இருந்தாக் கூட உட்கார்ந்து பாருங்க. ஒண்ணே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.